பக்கத்து மூச்சு

மணி அடித்தாகிவிட்டது. வெண்கலச் சத்தம் தகரக் கூரையில் முட்டி, மின்விசிறிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ஓய்ந்தது. இனி மூன்றரை மணி வரைக்கும் கண்ணைத் திறக்கக் கூடாது, காலை மாற்றிப் போடக் கூடாது, கையை அசைக்கக் கூடாது, மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தால் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். இந்தத் தியான முகாமில் இதற்கு அசையா அமர்வு என்று பெயர். ஒரு நாளைக்கு மூன்று. இது இரண்டாவது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருவது, மூன்றிலும் பொல்லாதது. தணிகாசலம் மூக்கு நுனிக்குப் போனார். உள்ளே போகிற காற்று சற்றுக் குளிர்ச்சி, வெளியே வருகிற காற்று சற்றுச் சூடு. முகாம் நடத்துகிற சபாநாயகம் ஐயா சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். மூச்சைப் பார், அதை ஆட்டி வைக்காதே. எண்ணம் வந்தால் அதோடு மல்லுக்கு நிற்காதே, இது யாருக்கு வந்தது என்று கேள். எனக்கு என்று பதில் வரும். அந்த நான் யார் என்று கேட்டுவிட்டுச் சும்மா இரு. காதில் விழும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! இருபத்தொன்பது வருஷம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த மனுஷனுக்குச் சும்மா இருப்பது எங்கே வரப்போகிறது? எந்த வண்டி வந்தது, எது வரவில்லை, எத்தனை நிமிஷம் தாமதம், டிரைவர் டீக்கடையிலிருந்து கிளம்பினானா இல்லையா என்று ஆயுசு முழுக்க அடுத்தவர் வரத்துப் போக்கையே பார்த்துப் பழகிய கண்ணும் காதும் அவருடையவை. இந்த ஏழு நாளில் அவர் நிஜமாகவே சும்மா இருந்ததை எல்லாம் கூட்டினாலும் ஒரு டீ குடிக்கிற நேரம் தேறாது. ஆனாலும் விடாமல் உட்கார்ந்திருந்தார், ஏனென்றால் மூன்றாம் நாள் நடந்ததற்குப் பிறகு, இன்னொரு தடவை எழுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

உள்ளே. வெளியே. வெயில் கூரையில் படபடவென்று சொடுக்கியது. சாம்பார் இன்னும் நெஞ்சிலேயே நின்றது. நாலு பேருக்கு அந்தப் பக்கம் யாருக்கோ வயிறு இரைந்தது. பெண்கள் பக்கத்தைப் பிரிக்கிற வெள்ளைத் துணித் திரை காற்றில் தூணைத் தட்டியது. இதெல்லாம் கேட்கிறது, கேட்கட்டும். யாருக்குக் கேட்கிறது? எனக்கு. நல்லது. மறுபடி மூக்கு. அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. இடது பக்கத்திலிருந்து, ஒரு முழத்துக்குச் சற்று மேல் தள்ளி. தொண்டைக்குள் எதுவோ கிழிபடுகிற மாதிரி ஒரு இழுப்பு, இழுத்தது அப்படியே நின்றது, நின்றது, நின்றது, பிறகு புஸ் என்று விட்டது.  இடது பக்கம் பிச்சாண்டி. அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை, பேசவும் முடியாது, வந்த அன்றைக்கே எல்லோரும் மௌனம் எடுத்தாயிற்று. சாப்பிடுகிற தட்டில் பிளாஸ்திரி ஒட்டி, கு. பிச்சாண்டி, போளூர் என்று எழுதியிருந்ததால் பெயர் தெரியும். பெரிய உடம்பு. முட்டி வலி என்று சுவரில் சாய்ந்து உட்கார அனுமதி வாங்கியவர். தலைவலித் தைல வாசனை எப்போதும் அவரைச் சுற்றி நிற்கும். மூன்றாம் நாள் இதே மதிய அமர்வில், இதே இழுப்பு, இதே நிறுத்தம். அன்றைக்குத் தணிகாசலம் பொறுக்கமாட்டாமல் துள்ளி எழுந்து, அவர் தோளைப் பிடித்து உலுக்கி, "மூச்சு வரல, மூச்சு வரல!" என்று கத்திவிட்டார். பிச்சாண்டி திடுக்கிட்டு விழித்து, வழிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டு, கண் ரத்தச் சிவப்பாக முறைத்தார். வெறும் குறட்டை. நாற்பது பேரும் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். மௌனத்தில் இருந்ததால் யாரும் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்கிய முகம் எப்படி இருக்கும் என்று தெரியாதா என்ன? அன்று மாலையே பிச்சாண்டி தன் மெத்தையை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார். தட்டு கழுவுகிற குழாயடியில் தணிகாசலத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மானம் போயிற்று, வேறென்ன. அதனால் இன்றைக்கு எழுந்திருக்கக் கூடாது. இது குறட்டை. சாப்பிட்ட மயக்கம். உள்ளே, வெளியே.

உள்ளே போகிற காற்று குளிர்ச்சி என்று சொல்லிக்கொள்வதற்குள் அந்த நிறுத்தம் வந்து குறுக்கே நின்றது. பிச்சாண்டி இழுத்த மூச்சு வெளியே வரவில்லை. தணிகாசலம் இரண்டு மூச்சு விட்டார். மூன்று. வந்தது. சரி, வந்துவிட்டது. ஆறே கால் செஞ்சி வண்டி வராவிட்டால் முதல் ஐந்து நிமிஷம் யாரும் கேட்க மாட்டார்கள். பத்து நிமிஷமானால் ஜன்னலுக்கு வந்து, என்ன சார் வண்டி, என்பார்கள். வந்துரும் என்பார் அவர். இருபது நிமிஷமானாலும் வந்துரும் என்பார். வந்துரும் என்று சொல்வதற்குத்தான் அரசாங்கம் சம்பளம் கொடுத்தது என்று வச்சலா கேலி செய்வாள். வச்சலா. அவள் பெயரை நினைக்க வேண்டாம் என்று இருந்தார், தானாக வந்துவிட்டது. இது யாருக்கு வந்தது? எனக்கு. நான் யார்? வச்சலா புருஷன். இல்லை, பதில் சொல்லக் கூடாது, கேள்வியோடு நிற்க வேண்டும். நான் யார்? டைம் கீப்பர். ஐயோ, பதிலே வரக் கூடாது என்றால் வாயை மூடுகிற மாதிரி மனசை மூட முடிகிறதா? போன வருஷம் கார்த்திகை மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே மாதிரி சாப்பாட்டுக்குப் பிறகு. கூடத்தில் பாய் விரித்து வச்சலா படுத்திருந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குறட்டை விடுவாள், அது ஊரறிந்தது. அன்றைக்குக் குறட்டை கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. தொண்டைக்குள் கிழிபடுகிற இழுப்பு, பிறகு நிறுத்தம், பிறகு புஸ். கடைசி மூன்று ஓவர். "சும்மா இரு வச்சலா" என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். அவள் சும்மா இருக்கவில்லை. அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

மூச்சைப் பார். பார்க்கிறேன். ஆட்டம் முடிந்து, விளம்பரம் வந்து, சத்தத்தைக் குறைத்தபோது வீட்டில் வேறு சத்தமே இல்லை. ஓசூரிலிருந்து மகள் இந்துமதி வந்து இறங்கியதும், "நீங்க எங்கப்பா இருந்தீங்க?" என்று கேட்டாள். "பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தேம்மா" என்றார். ஒரு நொடி யோசித்தாரா? இல்லை. வண்டி பிரேக் டவுன் என்று பயணிகளிடம் சொல்கிற அதே சரளம். அவளும் நம்பி, அப்பா இல்லாத நேரம் பார்த்துப் போயிட்டாளே அம்மா என்று எல்லோரிடமும் சொல்லி அழுதாள். அந்தப் பொய்யை அவள் வாயிலிருந்து கேட்கக் கேட்க அவருக்குத் தூக்கம் போயிற்று, பிறகு பசி போயிற்று. அப்பா ஒடிஞ்சு போயிட்டார் என்று அவளே பாவம் இந்த முகாமுக்குப் பெயர் கொடுத்து, கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் கூத்துக்குப் பிறகு சபாநாயகம் ஐயா தன் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே மட்டும் ஐந்து நிமிஷம் பேசலாம். கல்லூரியில் வேதியியல் நடத்தியவராம், மெதுவாக, சுத்தமாகப் பேசுவார். தணிகாசலம் யாரிடமும் சொல்லாததை எல்லாம் அவரிடம் கொட்டிவிட்டார், ரிமோட் உட்பட. அவர் கண்ணை மூடிக் கேட்டார். "பிச்சாண்டி குறட்டையிலே உங்க சம்சாரத்தோட மூச்சு உங்களுக்குக் கேக்குது. அவ்வளவுதான். அந்தச் சத்தம் திரும்பத் திரும்ப வரும். இன்னும் பலமா வரும். நிஜம்னே தோணும். எழுந்து ஓடுனீங்கன்னா அது ஜெயிச்சுடும். யாருக்குக் கேக்குதுன்னு விசாரிங்க. ஒரே ஒரு தடவை எழுந்திருக்காம தாண்டிட்டீங்கன்னா விட்டுடும்." தணிகாசலம் அழுதார். அன்றைக்கு அந்த வார்த்தை தேனாக இருந்தது. விட்டுவிடும் என்று ஒருவர் சொன்னாரே, அதுவே போதும் என்று இருந்தது.

ஆகவே இதுதான் அந்த ஒரு தடவை. சத்தம் பலமாகத்தான் வருகிறது. நிஜம் போலத்தான் இருக்கிறது. ஐயா சொன்னது சொன்னபடி நடக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, இன்னும் கொஞ்சம் பல்லைக் கடித்தால் தாண்டிவிடலாம். கர்ர் என்று இழுத்தது. நின்றது. ஒன்று. இரண்டு. தன் மூச்சை வைத்தே அந்த நிறுத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தார், மூன்று, நான்கு, வரவில்லை, ஐந்து, புஸ். கொஞ்ச நேரம் முன்னால் மூன்றுதானே? எண்ணக் கூடாது. எண்ணுவது யார்? நான். நான் யார்? சத்தத்தைக் கூட்டினவன். இந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஆனால் வந்து உட்கார்ந்துகொண்டது, நகரமாட்டேன் என்றது. நான் யார்? சத்தத்தைக் கூட்டினவன். எத்தனை தடவை கேட்டாலும் அதே. உள்ளங்கை வேர்த்தது. வேர்க்கிறது, வேர்க்கட்டும். மணி என்ன ஆகியிருக்கும்? இருபது நிமிஷம்? கண்ணைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டால் தீர்ந்தது, ஒரு கால்வாசி இமை, யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் அதுதான் தோல்வி என்கிறாரே ஐயா. திறந்து பார்த்து, அந்த ஆள் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தால், மறுபடி முதலிலிருந்து. வச்சலா சாகும்வரை, சாகும்வரை என்ன, அவள்தான் செத்துவிட்டாளே, இவர் சாகும்வரை ஒவ்வொரு குறட்டைக்கும் எழுந்து ஓட வேண்டியதுதான். பஸ்ஸில் தூங்குகிறவன், ஆஸ்பத்திரி பெஞ்சில் தூங்குகிறவன், மருமகன், எல்லோரையும் உலுக்கிக்கொண்டு திரிய வேண்டியதுதான். பைத்தியம் என்பார்கள். கண் மூடியே இருந்தது. இடது பக்கம் இருந்து தைல வாசனையோடு வேறொரு வாடை வந்தது, புளித்த வேர்வை வாடை, ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்தது போல.

பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது, அது மற்ற எல்லாவற்றையும் விட மோசமாக இருந்தது. இந்த இழுப்பு பிச்சாண்டியுடையதே இல்லையென்றால்? தன்னுடையதாக இருந்தால்? ஏழு நாளாக மூச்சையே உற்றுப் பார்த்துப் பார்த்து அது யாருடையது என்பதே குழம்பிவிட்டது. மூக்கு நுனியில் நடப்பதுதான் காதுக்குள் பெரிதாகிக் கேட்கிறதோ? தன் தொண்டைதான் கிழிகிறதோ? அப்படியானால் இங்கே சாகிறது யார்? ஒரு கணம் அவருக்கு நெஞ்சு அடைத்தது, இது தனக்குத்தான், வச்சலாவுக்கு வந்த கார்த்திகை தனக்கும் வந்துவிட்டது, இந்துமதிக்கு ஃபோன் போகும், அவளிடம் இவர்கள் என்ன சொல்வார்கள், தியானத்திலேயே போய்விட்டார், புண்ணியவான் என்பார்கள், யாருமே நிஜத்தைச் சொல்ல மாட்டார்கள்.  அப்போது அந்தப் பழைய டைம் கீப்பர் புத்தி, எந்த வண்டி எது என்று ஹார்ன் சத்தத்தில் பிரித்துச் சொல்கிற புத்தி, தானாக ஒரு காரியம் செய்தது. மூச்சை ஆட்டி வைக்காதே என்ற ஐயாவின் முதல் விதியையே அது மீறியது. அவர் தன் மூச்சை நிறுத்தினார். வாயை இறுக்கி, மூக்கில் போவதையும் வருவதையும் அப்படியே அடைத்துவிட்டார். மூக்கு நுனியில் குளிர்ச்சியும் இல்லை, சூடும் இல்லை. காதுக்குள் ரத்தம் டங்டங்கென்று அடித்தது. திரை தூணைத் தட்டியது. கூரை சொடுக்கியது. அவர் தாங்கினார், கண்ணுக்குள் மஞ்சள் பூச்சி பறக்கிற வரைக்கும் தாங்கினார். இப்போது தன் உடம்பில் மூச்சே இல்லை, அப்படியிருந்தும் இடது பக்கம், ஒரு முழமும் ஒரு சாணும் தள்ளி, அந்தத் தொண்டை கிழிந்தது. இழுத்தது, களக் என்றது, நின்றது.

எனக்கு இல்லை. இது எனக்கு வந்தது இல்லை. இது யாருக்கு வந்தது என்ற கேள்விக்கு ஏழு நாளில் முதன்முறையாக வேறு பதில் வந்தது. பிச்சாண்டிக்கு. கு. பிச்சாண்டி, போளூர். தணிகாசலம் அடைத்த மூச்சைப் பொறுக்கமாட்டாமல் விட்டார், எண்ணினார், வெட்கமில்லாமல் விரல்விட்டே எண்ணினார். நான்கு. ஐந்து. ஆறு. குறட்டை என்பது வந்து போகிற ஒன்று, இப்படித் தள்ளித் தள்ளிப் போகாது. ஏழு. வந்துரும். எட்டு. வந்துரும் என்று சொல்கிற இந்த ஆளை அவருக்குத் தெரியும், இத்தனை வருஷமாகத் தெரியும், இன்றைக்கு அந்த ஆளை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒன்பது. கண்ணைத் திறந்தார்.

வெளிச்சம் கண்ணில் குத்தியது. பிச்சாண்டி சுவரில் சரிந்து, தாடை மார்பில் இறங்க, வாய் திறந்து கிடந்தார். உதடு நாவல்பழம் தின்றது போல இருந்தது. சட்டை நெஞ்சோடு ஒட்டித் தெப்பமாக நனைந்திருந்தது. இது குறட்டை இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். தணிகாசலம் எழப் பார்த்தார், மரத்துப்போன கால் மடங்கிக் கீழே விழுந்தார், தவழ்ந்தே போய் அவர் தாடையைத் தூக்கிப் பிடித்தார். "ஐயா! பிச்சாண்டி ஐயா! மூச்சு வுடுங்க!" களக் என்று ஒரு இழுப்பு வந்தது. உயிர் இருக்கிறது. "யாராச்சும் ஓடியாங்க! இவருக்கு மூச்சு நிக்குதுங்க! வண்டிக்குச் சொல்லுங்க!" கூடத்தில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. மேடையிலிருந்து சபாநாயகம் ஐயாவின் குரல் வந்தது, எப்போதும் போல மெதுவாக, சுத்தமாக, கொஞ்சம்கூடக் கோபமில்லாமல். "யாரும் கண்ணைத் திறக்க வேண்டாம். ஒரு சத்தம் கேக்குது. கேக்கட்டும். யாருக்குக் கேக்குதுன்னு விசாரிங்க. தணிகாசலம் ஐயா, இதைப் பத்தி நாம பேசியிருக்கோம். உக்காருங்க." தணிகாசலம் அண்ணாந்து பார்த்தார். ஐயாவின் கண்ணும் மூடியிருந்தது. மற்றவர்கள் கண்ணை மூடியிருந்தாலும் மேடையில் இருக்கிறவர் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பார் என்றுதான் இந்த ஏழு நாளும் அவர் நினைத்திருந்தார். "சார், நீங்க கண்ணைத் தொறந்து பாருங்க சார்! ஒரே ஒரு வாட்டி பாருங்க! உதடெல்லாம் நீலம் பாரிச்சிடுச்சு சார்!" ஐயா திறக்கவில்லை. அவருடைய புருவம் மட்டும் இரக்கத்தோடு சற்று உயர்ந்தது. தனக்கு முன்வரிசையில் இருந்தவர் தோளைத் தணிகாசலம் எட்டிப் பிடித்து உலுக்கினார். தட்டில் செய்யாறு, வாத்தியார் என்று எழுதியிருந்தவர், குழாயடியில் சிரித்த முகமாக நிற்பவர், நல்ல மனுஷன். அந்த நல்ல மனுஷன் கண்ணை மூடியபடியே தணிகாசலத்தின் கையைத் தன் தோளிலிருந்து பதமாக எடுத்து, ஒருமுறை ஆறுதலாகத் தட்டிக்கொடுத்து, கீழே விட்டார். தணிகாசலத்துக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அழுகையும் வந்தது. மகளிடம்கூடச் சொல்லாததை அந்தக் கூடம் முழுக்கக் கேட்கக் கத்தினார். "அன்னிக்கு நான் கடைக்குப் போவல! என் பொண்டாட்டி சாவும்போது பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்! கேட்டுது! டிவி சத்தத்தைக் கூட்டி வச்சேன்! இது அந்தச் சத்தந்தான், எனக்குத் தெரியும், இது அதேதான்!" சொல்லி முடித்ததும் நாற்பது முகங்களும் இளகின. ஆமாம், பாவம், அவர் சம்சாரத்தின் சத்தம், ஐயா சொன்னது சரிதான் என்று அத்தனை முகத்திலும் எழுதியிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் விசும்பினாள். அவ்வளவுதான், அதற்குமேல் யாரும் அசையவில்லை.

கதவு கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தது. தணிகாசலம் பிச்சாண்டியின் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து இழுத்தார். நெல் மூட்டை கனம். மெத்தை சுருண்டு காலில் சிக்கியது, உதறித் தள்ளினார். மறுபடி இழுத்தார். பிச்சாண்டியின் தலை அவர் மணிக்கட்டில் சாய்ந்து கிடந்தது, அந்த இடத்தில் வெகுநேரம் ஒன்றுமில்லை, பிறகு லேசாகச் சூடு பட்டது. "வுடுங்க, அப்படித்தான், இன்னொண்ணு வுடுங்க" என்று சொல்லிக்கொண்டே பின்புறமாக நகர்ந்தார். வரிசைக்கு நடுவில் ஓர் ஆள் போகிற வழிதான் இருந்தது, இரண்டு பக்கமும் சம்மணம் போட்ட முழங்கால்கள் துருத்திக்கொண்டிருந்தன. பிச்சாண்டியின் கால் பட்டதும் ஒருவர் தன் முழங்காலை உள்ளே மடக்கிக்கொண்டார். அடுத்தவர் படுவதற்கு முன்பே மடக்கிக்கொண்டார். அதற்கடுத்தவர் தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்தார். இப்படியே வரிசை முழுக்க ஒவ்வொருவராக ஒதுங்கி, அவர்கள் இரண்டு பேருக்கும் வழி விட்டார்கள். யாரும் கண்ணைத் திறக்கவில்லை.